இரண்டு கௌரியும் ஒரு சமக்குறியும்

“உனக்கு ஏன் மச்சான் இது? நீ தமிழ் ஸ்பெஷல்தானே.”

கன்டீனில் வைத்து எனக்கு விழுந்த கேள்வி. கேட்டவன் விஞ்ஞானபீடத்தில் கணினி படிக்கிறவன். ஒரே ஊர், ஒரே ரியூசன், ஏஎல்லுக்குப் பிறகுதான் பாதை பிரிந்தது. நான் அவனிடம் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வரிசைப்படுத்தி வைத்த ஒரு அரேயில் திரும்பத் திரும்ப வருகிற பெறுமதிகளை, இன்னொரு அரே எடுக்காமல், அதே இடத்தில் வைத்தே எப்படி நீக்குவது? லீட்கோட் தளத்தில் இது 26ஆவது கணக்கு. சுலபமான கணக்குகளின் கூட்டத்தில் இருக்கிறது. வேலைக்கு நேர்முகம் போக ஆயத்தமாகிற பிள்ளைகள் முதல் கிழமையே செய்துவிட்டுக் கடந்து போவார்கள். அவனும் அப்படித்தான் கடந்தான். “ரெண்டு பொயின்டர், ஏழெட்டு வரி. பாடமாக்கிப் போட்டு விடு. அதில விளங்கிறதுக்கு ஒண்டும் இல்ல.”

விளங்குவதற்கு ஒன்றுமில்லை என்ற அந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை. பாதிச் சண்டை அவனோடு. மற்றப் பாதி எங்கட கலைப்பீடத்தோடு.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் வாசியுங்கோ. அரேயைத் தமிழில் அணி என்கிறார்கள். தமிழ் படிக்கிற எனக்கு அணி என்றால் உவமையும் உருவகமும்தான் முதலில் வரும், அது வேறு கதை. இங்கே அணி என்றால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற பெட்டிகள். சதுரக்கோடு போட்ட கொப்பியில் ஒரு வரியில் ஏழு பெட்டி எடுத்து, பென்சிலால் 2, 2, 3, 5, 5, 5, 8 என்று எழுதுங்கோ. சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாக இருக்கிறது. அதனால் ஒரே எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். முழு வித்தையும் இந்த ஒட்டுதலில்தான் இருக்கிறது.

இடது கை விரலை இரண்டாவது பெட்டியில் வையுங்கோ, இது எழுதுகிற விரல். வலது கை விரலையும் அதே பெட்டியில் வையுங்கோ, இது வாசிக்கிற விரல். முதல் பெட்டியில் இருப்பது எப்படியும் தப்பும், அதைத் தொடத் தேவையில்லை. வாசிக்கிற விரல் ஒவ்வொரு பெட்டியாக நகரும். அது காட்டுகிற எண், கடைசியாக வைத்துக்கொண்ட எண்ணுக்குச் சமமா? சமம் என்றால் சும்மா தாண்டு. சமமில்லை என்றால் எழுதுகிற விரல் இருக்கிற பெட்டியில் அந்த எண்ணை எழுதிவிட்டு, எழுதுகிற விரலை ஒரு பெட்டி முன்னுக்குத் தள்ளு. அவ்வளவுதான்.

செய்து பாருங்கோ. முடிவில் கொப்பியில் 2, 3, 5, 8, 5, 5, 8 என்று இருக்கும். முதல் நான்கு பெட்டிதான் விடை. எழுதுகிற விரல் ஐந்தாவது பெட்டியில் நிற்கும். அதற்கு முன்னால் இருப்பதை மட்டும் எடு, பின்னால் இருப்பதைப் பார்க்காதே. ஏழு எண்ணுக்கு ஆறு ஒப்பீடு.

இதை மடைத்தனமாகவும் செய்யலாம், நான் முதலில் அப்படித்தான் செய்தேன். ஒரே எண் இரண்டு தரம் வந்தால் ஒன்றை எடுத்தெறிந்துவிட்டு, பின்னால் இருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொரு பெட்டி முன்னுக்கு இழுப்பது. 1000 பெட்டியிலும் ஒரே எண் இருந்தால் இந்த வழியில் 498,501 தரம் இழுக்க வேண்டும். இரண்டு விரல் வழியில் 999 ஒப்பீட்டோடு வேலை முடிந்தது. இந்த வித்தியாசத்தைக் கண்டபோது எனக்கு உண்மையாகவே ஒரு நல்ல வெண்பாவைக் கண்டமாதிரி இருந்தது. அதனால், கணக்கு அழகில்லை என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் ‘நீக்குதல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கோ. எங்கே நீக்கினோம்? பெட்டி ஏழும் அப்படியே இருக்கிறது. ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதினோம், மிச்சத்தைப் பார்க்காதே என்று சொன்னோம். வாலில் இன்னும் 5, 5, 8 கிடக்கிறது. லீட்கோட்டும் முன்பகுதியைத்தான் திருத்தும், வாலில் என்ன கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. சி பிளஸ் பிளஸ் மொழியில் இதற்கென்றே ‘யூனிக்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதுவும் எதையும் அழிக்காது. புது முடிவு எந்த இடம் என்று மட்டும் சொல்லும், வாலை வெட்டுவது உன் பாடு. இது தெரியாமல் பாடமாக்கிய பிள்ளை, நீக்கியாச்சு என்று நினைத்து முழு அரேயையும் அச்சடித்துவிட்டு, ஏன் இன்னும் 5 வருகுது என்று முழித்துக்கொண்டு நிற்கும். நான் அப்படி முழித்தவள்தான். ஒரு தனியார் நிலையத்தில் மூன்று கிழமைப் பைதன் வகுப்புக்குப் போனேன். பலகையில் எழுதினார்கள், பார்த்து எழுதினோம், பரீட்சையில் திருப்பி எழுதினோம். எனக்கு முழுப் புள்ளி. ‘வரிசைப்படுத்தியிருக்க வேண்டும்’ என்று ஏன் சொன்னார்கள் என்று கேட்டிருந்தால் பூச்சியம்தான் வாங்கியிருப்பேன். சொல்லின் பொருளைத் தோண்டிப் பார்க்கிற பழக்கம் எங்கட பீடத்தில்தான் சொல்லித் தருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். வாசலைத் தாண்டியதும் அந்தப் பழக்கத்தை நானே கழற்றி வைத்துவிட்டேன்.

இனி ஏன் இந்தக் கோபம் என்று சொல்கிறேன்.

போன மாரி வெள்ளத்துக்குப் பிறகு எங்கட ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொப்பி, பை கொடுப்பதற்குப் பெயர் எடுத்தோம். ‘தோம்’ என்று சொன்னாலும் மூன்று கூட்டம் தனித்தனியாக எடுத்தது: சனசமூக நிலையம் ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம், சேர்ச் ஒரு பக்கம். ஒரே பிள்ளையின் பெயர் மூன்று கொப்பியிலும் இருக்கும், அது தெரிந்ததுதான். மூன்றையும் தட்டச்சு செய்து சேர்த்தபோது 431 வரி. இரட்டைப் பதிவை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். கம்பியூட்டர் வகுப்புக்குப் போனவள் என்று என்னிடம் தந்தார்கள். பெயரை முன்னுக்கும் முதலெழுத்தைப் பின்னுக்கும் போட்டு வரிசைப்படுத்தினேன். இரண்டு விரலை ஓடவிட்டேன். வாலை வெட்டினேன். அதே கோப்பில், அதே பெயரில் சேமித்தேன். 63 வரி போனது. எல்லாருக்கும் சந்தோஷம், எனக்குப் பெருமை.

கொடுக்கிற நாளில் ஒரு அம்மா மகளோடு வந்து நின்றா. “பிள்ளை, இவளின்ர பேர் இல்லையாம். கோயில்ல எழுதினவையெல்லோ?”

பெயர் கௌரி, தகப்பனின் முதலெழுத்து த. (பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பட்டியலில் த. கௌரி இருந்தாள், கொப்பியும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அது வேறு கௌரி. வேறு ஒழுங்கை, வேறு வகுப்பு, வேறு தகப்பன். என்னுடைய நிரலில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள், சமமா என்று கேட்டேன், சமம் என்றது, தாண்டினேன். வயதும் வகுப்பும் பக்கத்து நிரல்களில் இருந்தது. அவற்றை நான் ஒப்பிடவே இல்லை.

பகிடி என்னவென்றால், இல்லாத இரட்டையை எடுத்த அதே ஓட்டம் இருந்த இரட்டையை விட்டுவிட்டது. இன்னொரு கௌரி மூன்று கொப்பியிலும் ஒருத்திதான், ஆனால் பட்டியலில் இரண்டு தரம் இருந்தாள், இரண்டு பை வாங்கினாள். ஏன் தெரியுமா? ஒரு கூட்டம் கௌரி என்று அடித்தது. இன்னொரு கூட்டம் கெளரி என்று அடித்தது. இப்போது நீங்கள் வாசித்த அந்த இரண்டு சொல்லும் ஒன்றில்லை. முதலாவதில் ககரத்தோடு ஔகாரக் குறி ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. இரண்டாவதில் கெ என்று ஒரு எழுத்து, ள என்று இன்னொரு எழுத்து, பிறகு ரி. பாமினியில் அடித்துப் பழகிய கை கொம்பு, க, ள என்று மூன்றாகத்தான் தட்டும். பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அது கெள்ளுப்போல ஏதோ ஒரு சொல்.

அதுவும் சமமில்லை என்பதோடு நிற்கவில்லை. யூனிகோட் இலக்கத்தின்படி வரிசைப்படுத்தினால் எகரக் குறி முன்னுக்கு வரும், ஔகாரக் குறி கடைசியில் வரும். இரண்டுக்கும் நடுவில் கேதீஸ்வரன் நிற்பான், கைலாயநாதன் நிற்பான், கோமதி நிற்பாள். எங்கட வித்தை பக்கத்தில் இருப்பவரோடு மட்டும்தானே ஒப்பிடும். ஒட்டி நிற்காதவர்களை அது சந்திக்கவே சந்திக்காது. கொ, கோ எழுதுவதிலும் இதே வில்லங்கம் இருக்கிறது: ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி அரவு தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். அதையாவது ஒருசீராக்க யூனிகோட்டில் விதி இருக்கிறது. கௌரி–கெளரி பிரச்சினையை அந்த விதி தொடாது. கெ, ள, ரி என்பதும் சட்டப்படி சரியான மூன்று தமிழ் எழுத்துத்தானே. அது பிழை என்று சொல்லத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும்.

இதைச் சொன்னால் என் சிநேகிதன் சிரிக்கிறான். “ஆர் இந்தக் காலத்தில ரெண்டு பொயின்டர் போடுறது? பைதன்ல செட்டுக்க போடு, முடிஞ்சுது.” சரி, நானூறு வரிக்கு நினைவகத்தை மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம், அதை ஒப்புக்கொள்கிறேன். செட்டுக்குள் போட்டால் வரிசை குழம்பும், அதையும் சமாளிக்கலாம். ஆனால் செட்டும் சமமா என்றுதான் கேட்கும். இரண்டு கௌரியை ஒன்றாக்கும், ஒரு கெளரியை இரண்டாகவே விடும். எக்ஸெலில் இதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது, அமத்தினால் இத்தனை நீக்கினேன், இத்தனை மிச்சம் என்று எண்ணிக்கை சொல்லும். யாரை நீக்கினேன் என்று சொல்லாது. கருவி மாறுகிறது, கேள்வி அங்கேயே நிற்கிறது.

“அப்ப அடையாள அட்டை இலக்கத்த வச்சு ஒப்பிடு.” இதுவும் அவன் சொன்னதுதான். பிள்ளைகளுக்கு அடையாள அட்டை ஏது? அம்மாவின் இலக்கத்தை வைத்தால் ஒரு வீட்டு மூன்று பிள்ளையும் ஒரு பிள்ளையாகிவிடும். அம்மாவின் இலக்கமும் ஒன்றா என்றால் அதுவுமில்லை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். 1985இல் பிறந்த ஒருவருக்குப் பழையது 85இல் தொடங்கும், புதியது 1985இல் தொடங்கும். எழுத்தாக எடுத்து வரிசைப்படுத்தினால் ஒன்று மேலே, ஒன்று அடியில். மாற்றுகிற முறை தெரிந்தால் பழையதைப் புதியதாக்கலாம், உண்மை. ஆனால் அதைத் தெரிந்து மாற்றுவது யார்? விளங்குவதற்கு ஒன்றுமில்லை என்று பாடமாக்கிய பிள்ளையா?

சமக்குறி ஒரு கணிதக் குறி இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. எண்களோடு இருக்கும் வரைக்கும் அது கணிதக் குறி. 5 என்றால் 5. மனிதரின் பெயர் உள்ளே வந்த நிமிஷத்தில் அது ஒரு தீர்ப்பு. யார் யாரோடு ஒன்று, எந்த வித்தியாசம் வித்தியாசம், எந்த வித்தியாசம் தட்டச்சுப் பிழை. அந்த ஏழெட்டு வரியில் ஆறு வரியை யார் எழுதினாலும் ஒன்றுதான். சமமா என்று கேட்கிற அந்த ஒரு வரியை எழுதுகிறவர் ஊரை அறிந்திருக்க வேண்டும், மொழியை அறிந்திருக்க வேண்டும், த. கௌரி என்ற பெயர் எங்கட பக்கத்தில் எவ்வளவு சாதாரணம் என்று அறிந்திருக்க வேண்டும். லீட்கோட்டில் 80ஆவது கணக்கு, ஒவ்வொரு பெறுமதியும் இரண்டு தரம் வரைக்கும் இருக்கலாம் என்கிறது. நிரலில் ஒரு இலக்கத்தைத்தான் மாற்ற வேண்டும், கடைசியாக வைத்ததோடு இல்லாமல் அதற்கு முந்தியதோடு ஒப்பிடு என்று. ஒரு வீட்டுக்கு ஒரு பொதியா இரண்டு பொதியா என்று கிராம சேவகர் கந்தோரில் சனம் நின்று சண்டைபிடிக்கிற விஷயம், அங்கே ஒரு இலக்கம்.

இப்போது எங்கட பீடத்துக்கு வருகிறேன். நிறுவனம் என்று சொல்லவில்லை, எங்களைத்தான் சொல்கிறேன். ஏஎல்லில் கலைப் பிரிவிலும் ஐசிடியை ஒரு பாடமாக எடுக்கலாம். அப்படி எடுத்து நல்ல பெறுபேறு வாங்கினதுகள்கூட கம்பஸுக்கு வந்ததும் ‘அது அவையளின்ர’ என்று ஒதுங்கிவிடுகிறது. அடையாளம் பற்றி நாங்கள் கருத்தரங்கு வைக்கிறோம். ஒருவரை ஒருவராக ஆக்குவது எது என்று இரண்டு மணித்தியாலம் பேசுகிறோம், தேத்தண்ணி குடிக்கிறோம், கலைகிறோம். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாளும் நடைமுறையில் விடை எழுதப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. நிவாரணப் பட்டியல், வாக்காளர் இடாப்பு, வங்கிக் கணக்கு, கிளினிக் கொப்பி எல்லாவற்றுக்கும் பின்னால் சமமா என்று ஒரு வரி ஓடுகிறது. அந்த வரியை எழுதுகிறவன் எங்களைக் கேட்பதில்லை என்று குறைப்படுகிறோம். அந்த வரியை வாசிக்கவே தெரியாமல் என்ன குறை? இரண்டு விரலை வைத்து ஒரு சதுரக் கொப்பியில் பத்து நிமிஷத்தில் விளங்குகிற விஷயத்தை, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று பெருமையோடு சொல்லித் தள்ளிவைப்பது அடக்கம் இல்லை, சோம்பல். கோபம் வந்தால் வரட்டும்.

விஞ்ஞானபீடத்து ஆக்களும் தப்ப முடியாது. ‘அதே இடத்தில்’ என்பதை ஒரு கெட்டித்தனமாக மட்டும் சொல்லிக் கொடுக்கிறார்கள். மேலதிக இடம் எடுக்காதே, அதுதான் திறமை. ஆனால் அதே இடத்தில் எழுதுவது என்றால் பழையதன் மேல் எழுதுவது. பழையது திரும்பி வராது. எண் என்றால் யாருக்கும் நட்டமில்லை. ஆட்களின் பட்டியல் என்றால் யாரை எடுத்தோம் என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போகிறது. அன்றைக்கு அந்த அம்மா கேட்டபோது என்னிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. 63 என்ற எண்ணிக்கைதான் இருந்தது. கையால் எழுதிய மூன்று கொப்பியும் பழைய பேப்பரோடு போகாமல் ஒரு மேசைக்கடியில் கிடந்தபடியால் தப்பினோம். இரண்டு இரவு இருந்து திரும்பப் பார்த்தோம். நான் எடுத்த 63இல் நாலு பேர் உண்மையாகவே வேறு ஆட்கள். நான் எடுக்காமல் விட்ட இரட்டைகள் பதினொன்று.

அல்கோரிதத்தில் பிழை இல்லை, தரவில்தான் பிழை என்பான் சிநேகிதன். எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்த பதில். தரவு என்று ஒன்று மரத்தில் காய்ப்பதில்லை. யாரோ ஒருவர் வெயிலில் நின்று எழுதினார், யாரோ ஒருவர் பாமினியில் அடித்தார், நான் எந்த நிரலை ஒப்பிடுவது என்று முடிவெடுத்தேன். அந்த மூன்றில் எது அல்கோரிதத்துக்கு வெளியே? வரிசைப்படுத்தியிருக்க வேண்டும் என்பது கணக்கின் முதல் நிபந்தனை. தமிழ்ப் பெயர்கள் எந்த ஒழுங்கில் வரிசைப்பட்டன என்று பார்க்காமல் அந்த நிபந்தனை நிறைவேறியது என்று நான் நினைத்ததுதான் பிழை. கணக்கை விளங்கியிருந்தால் அதைக் கேட்டிருப்பேன். பாடமாக்கியிருந்தேன், அதனால் கேட்கவில்லை.

இப்போது வேறு மாதிரிச் செய்கிறோம். அதே இரண்டு விரல்தான். சமம் என்று வந்தால் தாண்டுவதில்லை, இரண்டு வரியையும் அப்படியே எடுத்து இன்னொரு தாளில் வைக்கிறோம். யூனிக்ஸில் ‘யூனிக்’ என்ற கட்டளை ஒட்டி நிற்கிற ஒரே மாதிரி வரிகளைச் சுருக்கும். திரும்ப வந்தவற்றை மட்டும் காட்டு என்றும் அதனிடம் கேட்கலாம். அப்படிக் காட்டச் சொல்லி, பிறகு ஒருவர் போன் எடுத்துக் கேட்கிறார்: “அம்மா, உங்கட மகள் எத்தினையாம் வகுப்பு?” வரிசைப்படுத்துவதற்கு முன்னால் கெள என்று வருகிற இடமெல்லாம் ஒருமுறை கண்ணால் பார்க்கிறோம். பழைய கோப்பைத் தொடுவதில்லை. இடம் கூட எடுக்கிறது, நேரம் கூட எடுக்கிறது. சிநேகிதனுக்குக் காட்டினேன். “இது இனி அந்தக் கணக்கு இல்ல மச்சான்” என்றான். இல்லைதான்.

கௌரிக்கு ஒரு கிழமை பிந்தித்தான் பொதி போனது. ஒற்றைக்கோட்டுக் கொப்பி எல்லாம் முடிந்திருந்தது. மிஞ்சிக் கிடந்த சதுரக்கோட்டுக் கொப்பியில் ஆறைக் கட்டிக் கொடுத்தோம். தமிழ்ப் பாடத்தையும் அதில்தான் எழுதுகிறாளாம், பெட்டிக்கு ஒரு எழுத்தாக.